சானல்ல (வாய்க்கால்ல) தண்ணி வராத கோவம்

வணக்கம் சார். மார்த்தாண்டம் பக்கம்தான் நான், இப்ப சிங்கப்பூர்ல வேலை. இங்க மலேசியாக்காரங்களுக்கும் சிங்கப்பூர்காரங்களுக்கும் தண்ணி பேச்சு வந்தா டீ பிரேக்லயே முட்டிக்குது. 1965ல பிரிஞ்சது, இன்னும் தீரல. நம்ம ஊரு வாட்ஸப் குரூப்லயும் மலையாளிய திட்டாத நாளில்ல. 1956ல நாம திருவிதாங்கூர்-கொச்சிய விட்டு பிரிஞ்சு தமிழ்நாட்டுக்கு வந்ததுதான் காரணமா?

தம்பி,

பிரிஞ்சதுதான் காரணம்னா 1954லயே எல்லாம் முடிஞ்சிருக்கணும். ஆகஸ்ட் 11ல தமிழ்நாட்டோட சேரணும்னு போராடினப்ப மார்த்தாண்டத்துலயும் புதுக்கடையிலயும் திருவிதாங்கூர்-கொச்சி முதலமைச்சர் பட்டம் தாணுபிள்ளை ஆட்சியில போலீஸ் சுட்டு நம்ம ஆளுங்க செத்தாங்க, அதுக்கப்புறமும் களியக்காவிளை எல்லை தாண்டி பொண்ணு குடுத்தோம் எடுத்தோம், இப்பவும் நெஞ்சுவலின்னா திருவனந்தபுரம் மெடிக்கல் காலேஜுக்குதான ஓடுறோம்.

பத்மநாபபுரம் அரண்மனைய எடுத்துக்குங்க, மண்ணு நம்மது, சாவி கேரள தொல்லியல் துறைகிட்ட. உங்க ஊர்ல 2011 வரைக்கும் தஞ்சோங் பகார் ஸ்டேஷன் மலேசியா ரயில்வே கையில இருந்துச்சுல்ல, அந்த மாதிரி. நம்மாளு யாரும் பெருசா கொதிக்கல, டிக்கெட் எடுத்து போட்டோ புடிச்சிட்டு வர்றோம், ஏன்னா அரண்மனை போனா யாருக்க வயலும் காயாது.

நெய்யாறு அப்படி இல்ல. அணை போடத் தொடங்கும்போது ரெண்டு பக்கமும் ஒரே திருவிதாங்கூர்-கொச்சி, அதனால இடதுகரை சானல் நம்ம விளவங்கோடு தாலுகாவுக்குள்ளயும் வரும். 2004ல கேரளா தண்ணிய நிறுத்திட்டு, இது எங்க மாநிலத்துக்குள்ளயே ஓடுற ஆறுன்னு சொல்லிட்டாங்க, 2012ல தமிழ்நாடு சுப்ரீம் கோர்ட்டுக்கு போச்சு. எனக்க அம்மைக்க ஊர்ல சானல் அப்படியே கெடக்கு, உள்ள முட்டளவு புல்லு, படிக்கட்டுல இப்ப யாரும் துணி துவைக்கறதில்ல, நெல்லு போட்ட எடத்துல ரப்பரும் வாழையும். வாட்ஸப்ல ரொம்ப சத்தம் போடுற எங்க மாமாவுக்கு அங்க முப்பது சென்ட் உண்டு (அவருக்க மருமகன் கேரளா நெய்யாற்றின்கரைக்காரன், அது வேற கதை).

மலேசியாக்காரங்க கோவம் விலையில, சிங்கப்பூருக்கு குடுக்கற தண்ணிக்கு 1962ல ஆயிரம் கேலனுக்கு 3 சென் (மலேசிய காசு)ன்னு போட்ட ஒப்பந்தம் 2061 வரைக்கும். ஆனா அங்க பைப்புல தண்ணி ஓடிட்டு இருக்கே தம்பி, சண்டை போட்டுக்கிட்டே குளிக்கலாம்.

லீவுக்கு வந்தா சொல்லுங்க, சானல்கரைக்கு கூட்டிட்டு போறேன். கரையில எதுக்கு, பைக்க சானலுக்கு உள்ளயே ஓட்டலாம்.