முன்னறை ஜன்னலுக்கு எந்த ஷட்டர்?

தம்பி, மன்னார்குடியிலிருந்து லண்டனுக்குக் குடிவந்து, நடைபாதையை ஒட்டிய விக்டோரியா காலத்து வீடு ஒன்றை வாங்கியிருப்பதாகவும், தெருவில் போகிறவர்களின் பார்வை நேரே முன்னறைக்குள் விழுவதால் ஜன்னல்களுக்கு உள்பக்கம் மர ஷட்டர் போடலாமா என்றும் கேட்டிருந்தீர்கள். தாராளமாகப் போடலாம். ஆனால் வீடு முழுவதற்கும் வேண்டாம். முன்னறைக்கு மட்டும், அதுவும் மேலடுக்கும் கீழடுக்கும் தனித்தனியாகத் திறக்கும் வகையைப் போடுங்கள்.

வெளிச்சத்தை நினைத்துத்தான் இதைச் சொல்கிறேன். டிசம்பரில் அங்கே மாலை 4 மணிக்கு முன்பே சூரியன் மறைந்துவிடும். முழு உயரத்துக்கும் ஒரே கதவாகப் போட்டால், பார்வைக்குப் பயந்து லூவர்களை, அதாவது ஷட்டரில் சாய்த்துத் திறக்கும் குறுக்குப் பட்டைகளை, பாதி சாய்த்தே வைத்திருந்து, பகலிலேயே விளக்கு போட வேண்டிவரும். விடுமுறைக்கு வந்த நான் இதைக் கும்பகோணத்தில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து எழுதுகிறேன். எதிரே இருக்கும் தெருப்பக்க ஜன்னலுக்கு நான்கு சிறு கதவுகள். கீழ் இரண்டும் சாத்திக் கொக்கி மாட்டியிருக்கிறது, மேல் இரண்டும் திறந்திருக்கின்றன. கம்பிகளின் நிழல் தரையில் நீளமாக விழுந்து, கூடம் முழுக்க வெளிச்சமாக இருக்கிறது. தெருவில் போகிறவருக்கோ உள்ளே யார் இருக்கிறார்கள் என்று தெரியாது. உங்களுக்கு வேண்டியதும் இதே ஏற்பாடுதான். விலை சற்றுக் கூடும். முன்னறைக்கு அந்தச் செலவு தகும்.

உங்கள் ஜன்னல் மேலும் கீழும் நகரும் சாஷ் ஜன்னலாக இருந்தால், இரண்டு அடுக்கும் சேரும் கோடு, கண்ணாடிச் சட்டங்கள் சந்திக்கும் குறுக்குச் சட்டத்துக்கு நேராக வர வேண்டும். இல்லாவிட்டால் இரண்டு கோடுகள் தெரிந்து கண்ணை உறுத்தும். லூவரின் அகலம் 63, 76, 89 மில்லிமீட்டர் என்று கிடைக்கும். அகலமான லூவர் அதிக வெளிச்சம் விடும், ஆனால் அது திரும்புவதற்கு ஆழம் வேண்டும்; ஜன்னல் கைப்பிடியில் இடிக்குமா என்று முதலிலேயே பாருங்கள். சுவரிலிருந்து வெளியே துருத்தி நிற்கும் பே ஜன்னலாக இருந்தால், அதன் ஒடுங்கிய பக்கங்களுக்கு 63 அல்லது 76 போதும்.

அளவெடுப்பதை விற்கும் நிறுவனத்திடமே விட்டுவிடுங்கள். பழைய வீட்டு ஜன்னல்கள் பெரும்பாலும் மூலைமட்டத்துக்கு இருப்பதில்லை. அகலத்தை மேல், நடு, கீழ் என மூன்று இடத்திலும், உயரத்தை இடம், நடு, வலம் என மூன்று இடத்திலும் எடுத்து, ஜன்னல் குழிக்குள் பொருத்துவதானால் குறைந்த அளவையே கணக்கில் கொள்ள வேண்டும். நீங்களே எடுத்துக் கொடுத்த அளவு பிசகினால், உங்களுக்கென்றே செய்த பொருளை அவர்கள் திருப்பி எடுக்க மாட்டார்கள்.

மரத்தில் பாஸ்வுட் எடை குறைவு, நெளியாமல் நிற்கும். மரநாரை அழுத்திச் செய்யும் எம்டிஎஃப் பலகை மலிவு என்றாலும் கனம் அதிகம். ஈரம் ஏறினால் உப்பிவிடும். ஐப்பசி மழையில் வாசற்கதவு ஊறி நிலையில் பிடித்துக்கொள்வதைப் பார்த்து வளர்ந்த உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அங்கே குளிர்காலத்தில் ஒற்றைக் கண்ணாடியின் உள்பக்கம் நீர் கோக்கும் என்பதால், காலையில் லூவர்களைத் திறந்து காற்றோட விட்டு, கண்ணாடியைத் துடைத்துவிடுங்கள். குளியலறைக்கு மரமே வேண்டாம், பிவிசி போதும்.

படுக்கையறைக்கு ஷட்டர் வாங்கிப் பணத்தைச் செலவழிக்காதீர்கள். ஜூனில் அங்கே 5 மணிக்கு முன்பே விடிந்துவிடும். லூவர்களை எவ்வளவு இறுக்கி மூடினாலும் இடுக்குகளில் ஒளி கசியும். வெளிச்சம் புகாத கனத்த திரைச்சீலையே அங்கு உதவும். கோடை வெப்பத்தையும் உள்பக்க ஷட்டர் ஓரளவுக்கு மேல் தடுக்காது. வெயில் கண்ணாடியைத் தாண்டி உள்ளே வந்த பிறகுதானே அதன்மேல் படுகிறது?

வீட்டில் சிறு குழந்தை இருந்தால் ஷட்டருக்கு இன்னொரு நன்மையும் உண்டு: கழுத்தில் சுற்றிக்கொள்ளும் இழுகயிறு அதில் கிடையாது. ஆர்டர் கொடுக்குமுன் வண்ண மாதிரிகளைக் கேட்டு வாங்கி, உங்கள் ஜன்னல் சட்டத்தோடு ஒட்டி வைத்துப் பகலில் பாருங்கள். வெள்ளையிலேயே பல வெள்ளைகள் இருக்கின்றன.