மூளைக் கட்டி ரிப்போர்ட்டில் 'எம்ஜிஎம்டி மெத்திலேட்டட்': கேள்வி பதில்

டாக்டர், அப்பாவுக்குக் கிளியோபிளாஸ்டோமா என்ற வேகமாக வளரும் மூளைப் புற்றுக்கட்டி. ரிப்போர்ட்டில் 'எம்ஜிஎம்டி மெத்திலேட்டட் – பாசிட்டிவ்' என்று இருக்கிறது. பயப்படணுமா?

'பாசிட்டிவ்' என்றாலே வயிற்றில் புளி கரைக்கும். இங்கே அது நல்ல பக்கம். டெமோசோலோமைடு என்ற கீமோ மாத்திரை, கட்டி செல்லின் டிஎன்ஏ எழுத்துகளில் ஒன்றான குவானின் மேல் மெத்தில் குழு என்ற சிறு வேதித் துணுக்கை ஒட்டிவைத்துத்தான் செல்லைச் சாகடிக்கிறது. எம்ஜிஎம்டி என்ற பழுது பார்க்கும் புரதம் அதைப் பிடுங்கித் தன்மேல் ஏற்றிக்கொள்ளும். அதோடு அந்தப் புரத மூலக்கூறின் வேலை முடிந்தது, மறுபடி பயன்படாது. இந்தப் புரதத்துக்கான மரபணுவை இயக்கும் சுவிட்ச் போன்ற புரமோட்டர் பகுதியில், சைட்டோசின் என்ற டிஎன்ஏ எழுத்துகள் மெத்தில் ஏறிக் கிடந்தால் மரபணு அடங்கிவிடும், பழுது பார்க்க ஆளிருக்காது. மருந்து ஒட்டும் மெத்தில் வேறு, ரிப்போர்ட் சொல்லும் மெத்தில் வேறு. இரண்டையும் குழப்பிக்கொள்பவர்களே அதிகம்.

எத்தனை மாதம் வித்தியாசம் வரும்?

2005இல் வெளிவந்த ஐரோப்பிய-கனடிய ஆய்வில் 206 பேரின் கட்டிகளில் இதைப் பார்க்க முடிந்தது. மெத்திலேட்டட் ஆனவர்களில் ரேடியேஷனோடு டெமோசோலோமைடும் பெற்றவர்களின் இடைநிலை ஆயுள் 21.7 மாதம், ரேடியேஷன் மட்டும் என்றால் 15.3. அன்மெத்திலேட்டட், அதாவது மெத்தில் ஏறாதவர்களில் அதே வரிசையில் 12.7, 11.8. இடைநிலை என்றால் பாதிப் பேர் அதைத் தாண்டினார்கள் என்று பொருள். அப்பாவுக்கான நாள் கணக்கு அதில் இல்லை. வயது, எவ்வளவு கட்டியை அகற்ற முடிந்தது, நடமாட்டம் எப்படி என்பவையும் சேர்ந்துதான் முடிவு செய்யும்.

அம்மாவுக்கு 72 வயது, அன்மெத்திலேட்டட். மாத்திரை வீண்தானே?

வீண் என்று ஒரே வீச்சில் சொல்ல மாட்டேன். இளையவர்களுக்கு மெத்தில் இல்லாவிட்டாலும் பெரும்பாலும் கொடுக்கிறார்கள். பலன் சிறிதுதான், ஆனால் அதே ஆய்வில் இரண்டாண்டு தாண்டியவர்கள் மருந்தோடு 13.8 சதவீதம், மருந்தில்லாமல் 2க்கும் கீழே. முதியவர்களிடத்தில்தான் இந்தச் சோதனைக்கு உண்மையான கனம். மெத்திலேட்டட் என்றால், உடம்பு ரேடியேஷனைத் தாங்காதபோது மாத்திரையை மட்டும் கொடுப்பதும் ஒரு வழி. அன்மெத்திலேட்டட் என்றால் மாத்திரையை மட்டும் நம்பக் கூடாது. 15 தவணைகளில் மொத்தம் 40 கிரே (கதிர்வீச்சு அளவு) போன்ற குறுகிய ரேடியேஷன்தான் அடித்தளம். மாத்திரையைச் சேர்ப்பதா என்பதை ரத்த அணுக்களின் எண்ணிக்கையையும் அம்மாவின் தெம்பையும் பார்த்துப் பேசுங்கள்.

சார், ஒரே பிளாக் (மெழுகில் பதித்த கட்டித் திசு). ஒரு லேபில் மெத்திலேட்டட், இன்னொன்றில் அன்மெத்திலேட்டட். யாரை நம்புவது?

முதலில் முறையைப் பாருங்கள். எம்ஜிஎம்டி புரமோட்டரில் சிபிஜி இடங்கள், அதாவது சைட்டோசினை அடுத்து குவானின் வரும் இடங்கள், 98 நெருக்கமாக ஒரு தீவு போல உண்டு. மெத்தில் ஏறுவது இங்கேதான். எந்தச் சோதனையும் அதில் சிலவற்றைத்தான் தொடும். பழைய பிசிஆர் முறை 'உண்டு, இல்லை' என்று மட்டும் சொல்லும். டிஎன்ஏ எழுத்துகளை ஒவ்வொன்றாகப் படிக்கும் பைரோசீக்வென்சிங் சதவீதம் தரும், ஆனால் வெட்டுக்கோடு லேபுக்கு லேப் மாறும். 9 சதவீதம் வந்தால் ஓரிடத்தில் ஆம், மற்றோரிடத்தில் இல்லை. இது சாம்பல் பகுதி. சதவீதத்தையும் வெட்டுக்கோட்டையும் எழுதி வாங்குங்கள்.

அடுத்து பைசல்ஃபைட், இந்தச் சோதனைகளுக்கு முன் டிஎன்ஏவோடு சேர்க்கும் வேதிப்பொருள். மெத்தில் இல்லாத சைட்டோசினை யுராசிலாக்குவது அதன் வேலை. மாற்றம் அரைகுறையானால் மாறாமல் நின்ற சைட்டோசின்களெல்லாம் மெத்தில் ஏறியவை போலத் தெரியும். பொய்யான 'மெத்திலேட்டட்' பிறப்பது இங்கேதான். டிஎன்ஏ இழைகள் சரியாகப் பிரியாததும் புரதக் கசடும்தான் வழக்கமான காரணம். சிபிஜி அல்லாத ஒரு சைட்டோசினைக் கட்டுப்பாடாக (ஒப்பிட்டுச் சரிபார்க்கும் கன்ட்ரோலாக) வைத்திருந்தால் உடனே பிடிபடும். எதிர்ப் பக்கம், துண்டில் ரத்தக்குழாய், நிணநீர் அணுக்கள் போன்ற சாதாரண செல்கள் மிகுந்தால் கட்டியின் மெத்தில் நீர்த்துப்போய் பொய்யான 'இல்லை' வரும்.

கட்டித் திசுவைச் சோதனைக்கு அனுப்பும்போது ஆஸ்பத்திரியில் நாங்கள் என்ன கவனிக்கணும்?

திசு ஊற வேண்டியது 10 சதவீத நியூட்ரல் பஃபர்டு ஃபார்மலினில், 6 முதல் 72 மணி நேரம். அதற்கு மேல் ஊறினால் டிஎன்ஏ நொறுங்கும், பைசல்ஃபைட் மிச்சத்தையும் நொறுக்கும். ஸ்லைடில் நெக்ரோசிஸை (செத்த திசுவை) விலக்கி, செல்களில் பாதிக்கு மேல் கட்டி செல்களாக உள்ள இடத்தைப் பேதாலஜிஸ்ட் வட்டமிட வேண்டும். சாயமிடாத 5 முதல் 10 துண்டுகள் போதும். கட்டுப்பாடுகளாக முழு மெத்திலேட்டட், முழு அன்மெத்திலேட்டட், டிஎன்ஏ இல்லாத ஒன்று என மூன்றும் ஓடியிருக்க வேண்டும். புரதத்தை ஆன்டிபாடியால் சாயமிட்டுப் பார்க்கும் முறை இதற்கு மாற்றாகாது.

ரேடியேஷன் முடிந்து ஆறு வாரம். எம்ஆர்ஐயில் கட்டி பெரிதாகத் தெரிகிறதாம். மருந்து தோற்றுவிட்டதா?

அவசரம் வேண்டாம். முதல் 12 வாரத்துக்குள் வீக்கமும் கசிவும் கட்டி போலவே தெரியும். மெத்திலேட்டட் ஆனவர்களிடம் இது கூடுதல். நோயாளி நன்றாக இருந்தால் மருந்தைத் தொடர்ந்து, சில வாரம் கழித்து எம்ஆர்ஐ மறுபடி எடுப்பார்கள்.

ரத்தத்தில் பார்த்துவிட முடியாதா, ஐயா?

மூளைக் கட்டியிலிருந்து ரத்தத்துக்கு வரும் டிஎன்ஏ மிகக் கொஞ்சம். ரத்தத்தில் 'இல்லை' என்று வந்தால் அதை வைத்து எதையும் முடிவு செய்ய வேண்டாம்; பிளாக்கைத் தேடி எடுங்கள்.