விகடகவியைத் திருப்பிப் பாருங்கள்

கேள்வி: பொறியியல் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். பைத்தான் புரோகிராமிங் வீடியோக்களைப் பார்க்கும்போது எல்லாம் புரிகிறது. தனியாக எழுத உட்கார்ந்தால் கை ஓடவில்லை. எர்ரர் வந்தால் பயந்துவிடுகிறேன். என்ன செய்வது?
– கல்லூரி மாணவி, திருநெல்வேலி

பதில்: வீடியோவில் நீங்கள் பார்ப்பது பிழையெல்லாம் களைந்த புரோகிராம். பிழை களைவதுதான் தொழிலில் பாதி. அதைப் பழக சின்ன கணக்கு ஒன்றே போதும். ஒரு சொல் முன்னும் பின்னும் ஒன்றுபோல் வருகிறதா என்று பார்க்கும் புரோகிராமை எழுதுங்கள். திருப்பிப் போட்டு ஒப்பிட வேண்டும், மூன்று வரிதான். ஆங்கிலச் சொற்களுக்குச் சரியாக ஓடும். 'விகடகவி' கொடுத்தால் 'இல்லை' என்று சொல்லும்!

உடனே ஏ.ஐ.யிடம் கேட்காதீர்கள். முதலில் சொல்லின் நீளத்தை பிரிண்ட் செய்யுங்கள். நமக்கு 5 எழுத்து, பைத்தானுக்கு 7. கணினி எழுத்துகளைக் குறித்து வைக்கும் யூனிகோடு முறையில் 'வி' ஓர் எழுத்தல்ல. 'வ' தனி, மேல்விலங்கு (ி) தனி. திருப்பும்போது விலங்கு 'வ'வை விட்டு முன்னால் போய்விடுகிறது. எனவே குறிகளையும் புள்ளியையும் முந்தைய எழுத்தோடு ஒட்டி ஒரு லிஸ்ட் ஆக்கி, அந்த லிஸ்ட்டைத் திருப்புங்கள்.

அடுத்து, உங்கள் புரோகிராமை நீங்களே உடைக்கப் பாருங்கள். 'தேருவருதே', 'அம்மா', ஒற்றை எழுத்து, வெற்றுச் சொல், எல்லாவற்றையும் கொடுங்கள். வெறும் மேல்விலங்கை மட்டும் கொடுத்தால், ஒட்டுவதற்கு முந்தைய எழுத்து இல்லாமல் பெரும்பாலும் 'இண்டெக்ஸ் எர்ரர்' வரும். பயப்பட வேண்டாம். பைத்தானின் எர்ரரைக் கீழிருந்து படியுங்கள்: கடைசி வரி என்ன பிழை என்று சொல்லும், அதற்கு மேலே எந்த வரியில் என்று இருக்கும். இந்த ஒரு புரோகிராமை ஒரு வாரம் குடையுங்கள். பத்து வீடியோவில் கிடைக்காதது இதில் கிடைக்கும்.

கேள்வி: புராஜெக்ட்டை 'ஃபைனல்', 'ஃபைனல் 2' என்று பென்டிரைவில் வைத்திருக்கிறோம். கிட் அவசியமா?
– நான்கு மாணவர்கள், ஈரோடு

பதில்: அவசியம். புரோகிராமில் செய்யும் மாற்றங்களை ஒவ்வொன்றாகப் பதிந்து வைக்கும் மென்பொருள்தான் கிட். லினக்ஸ் இயங்குதளத்தின் மையப் பகுதியான கெர்னல் வேலைக்காக லினஸ் டோர்வால்ட்ஸ் 2005-ல் எழுதியது அது. ஒரு சின்ன மாற்றம் ஓடியதும் ஒரு கமிட் போடுங்கள், அதாவது அதைக் கிட்டில் பதிந்துவிடுங்கள். நூறு கமிட்டில் எது கெடுத்தது என்பதை 'கிட் பைசெக்ட்' பாதி பாதியாகப் பிரித்து, ஏழு சோதனைக்குள் காட்டிவிடும். நாள் முழுக்க எழுதியதை ஒரே கமிட்டாகப் போட்டால் இந்தப் பலன் கிடைக்காது. டேட்டாபேஸ் பாஸ்வேர்டை மட்டும் உள்ளே போட்டுவிடாதீர்கள். பிறகு அழித்தாலும் பழைய கமிட்டில் அது இருக்கும். பாஸ்வேர்டையே மாற்றியாக வேண்டும்.