தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்டுவிடாதீர்கள்: ஒஃபுரோ கேள்வி-பதில்

ஜப்பானின் சைதாமாவில் பழைய வீடுகளின் குளியலறைகளைப் புதுப்பித்துக் கொடுக்கும் வேலையில் பதினாறு வருஷமாக இருக்கிறேன். குளிர் எட்டிப் பார்த்ததும் தெரிந்த தமிழ்க் குடும்பங்களிடமிருந்து ஒஃபுரோ (சூடான நீர்த் தொட்டியில் ஊறும் ஜப்பானியக் குளியல்) பற்றிக் கேள்விகள் வர ஆரம்பித்துவிடும். இந்த முறை ஊரிலிருந்தும் ஒன்று வந்திருக்கிறது. ஒரே மாதிரியானவற்றைச் சேர்த்துப் பதில் எழுதியிருக்கிறேன்.

கணவருடன் வேலை செய்பவரின் பெற்றோர் வீட்டில் இரண்டு நாள் தங்கப் போகிறோம். ஒரே தொட்டித் தண்ணீரில் வீட்டில் எல்லோரும் இறங்குவார்களாமே? நினைத்தாலே கூச்சமாக இருக்கிறது. அது சுத்தம்தானா? (வாசகி, யோகொஹாமா)

சுத்தம்தான். அந்தத் தொட்டியில் யாரும் அழுக்குத் தேய்ப்பதில்லை, அவ்வளவுதான் விஷயம். நமக்குக் குளியல் என்றால் அழுக்குப் போக்குவதும் உடம்பு சூடாவதும் ஒரே வேலை. இங்கே அவை இரண்டு வேலை, இரண்டு இடம்.

தொட்டிக்கு வெளியே தரையில் தாழ்வான முக்காலி, ஒரு சின்ன வாளி, கைக்கு எட்டும் உயரத்தில் ஷவர் இருக்கும். உட்கார்ந்து சோப்புப் போட்டு, தலைக்கும் தேய்த்து, நுரை ஒரு துளி இல்லாமல் அலசிவிடுங்கள். சோப்பெல்லாம் இங்கேயே முடிந்துவிட வேண்டும். அப்புறம் தொட்டி நீரை வாளியில் மொண்டு முதலில் காலில், பிறகு தோளில் ஊற்றிக்கொள்ளுங்கள். இதற்குக் காகெயு என்று பெயர். உடம்பு சூட்டுக்குப் பழகியபின் இறங்குங்கள். முடியைத் தூக்கி முடிந்துகொள்ளுங்கள். துண்டை நீரில் நனைக்கக் கூடாது, தலைமேல் வைத்துக்கொள்ளலாம். ஏறி வந்ததும் தொட்டியின் மூடியைப் போட்டுவிட்டு வாருங்கள். அடுத்தவருக்குச் சூடு ஆறாமல் இருக்கும்.

ஒன்றே ஒன்றை மட்டும் செய்துவிடாதீர்கள். நான் ஜப்பானுக்கு வந்த இரண்டாம் மாதம் ஒரு வீட்டில் விருந்தாளியாகத் தங்கினேன். விருந்தாளிக்குத்தான் முதல் குளியல். நன்றாக ஊறினேன். போகும்போது இடத்தைச் சுத்தமாக விட்டுப்போக வேண்டும் என்று வளர்ந்தவன் இல்லையா, அடைப்பானைப் பிடுங்கித் தண்ணீரைத் திறந்துவிட்டு, தொட்டியையும் தேய்த்துக் கழுவிவிட்டுப் பெருமையாக வெளியே வந்தேன். வாசலில் அந்த வீட்டுப் பாட்டி துண்டும் கையுமாக நின்றிருந்தார். குழாயில் நீர் இறங்கும் சத்தம் அவருக்கும் கேட்டிருக்கும். ஒன்றும் சொல்லாமல் சிரித்துவிட்டு, மறுபடி நிரப்பும் பொத்தானை அழுத்தினார். அவருக்குப் பின்னால் இன்னும் மூன்று பேர். அன்று கடைசி ஆள் தொட்டியில் இறங்கும்போது மணி பன்னிரண்டு.

தூக்கம் வரும் என்று சொன்னார்களே என்று 42 டிகிரியில் அரை மணி நேரம் ஊறிவிட்டு நேராகப் படுக்கைக்குப் போகிறேன். புரண்டு புரண்டு படுப்பதுதான் மிச்சம். (வாசகர், நிஷிகசாய்)

சூடும் அதிகம், நேரமும் அதிகம், படுப்பதும் சீக்கிரம். சூடான நீர் உடம்பின் உள்வெப்பத்தைக் கொஞ்சம் ஏற்றுகிறது. வெளியே வந்தபின் கை, கால் வழியாக அந்தச் சூடு வெளியேறி உள்வெப்பம் இறங்கும்போதுதான் தூக்கம் தட்டும். டெக்சாஸ் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இது பற்றிய பழைய ஆய்வுகளைத் தொகுத்து 2019இல் வெளியிட்டார்கள். 40 முதல் 42.5 டிகிரி நீர், படுப்பதற்கு ஒன்றிலிருந்து இரண்டு மணி நேரம் முன்பு என்று கணக்கு வந்தது. தூக்கம் சராசரியாகப் பத்து நிமிடம் முன்னதாக வந்ததாம்.

ஆனால் பாதுகாப்புக்கு என்று ஜப்பானின் நுகர்வோர் நலத் துறை சொல்வது 41 டிகிரிக்குள், 10 நிமிடத்துக்குள். என் வீட்டில் நீர்ச்சூட்டை அமைக்கும் பலகையில் 40. பதினொரு மணிக்குப் படுப்பவர் ஒன்பதரைக்கு ஊறி எழுந்தால் சரியாக இருக்கும். நீண்ட நேரம் உட்கார ஆசை என்றால் 38 டிகிரி வைத்து, வயிற்றுக்கு மேல் நீர் வராமல் அரைக்குளியல் போடுங்கள்.

தினமும் ஊறினால் மாரடைப்பே வராதா என்றும் சிலர் கேட்கிறார்கள். சுமார் 30,000 ஜப்பானியர்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2020இல் வெளியான ஆய்வில், கிட்டத்தட்டத் தினமும் ஊறுகிறவர்களுக்கு இதயநோயும் பக்கவாதமும் குறைவு என்று தெரிந்தது உண்மைதான். ஆனால் தினமும் ஊறும் அளவுக்கு நேரமும் தெம்பும் உள்ளவர்கள் முதலிலேயே ஆரோக்கியமானவர்களாகவும் இருக்கலாமே. மாத்திரையை நிறுத்திவிட வேண்டாம்.

ஜனவரியில் அப்பா ஊரிலிருந்து வருகிறார். 72 வயது, ரத்த அழுத்தம் உண்டு. தொட்டியில் இறக்கலாமா? (வாசகி, கவாசாகி)

முதலில் அவருடைய மருத்துவரைக் கேளுங்கள். அவர் சரி என்றால் மீதியைப் படியுங்கள்.

ஜப்பானில் குளியல் தொட்டியில் மூழ்கி இறக்கும் முதியவர்கள், சாலை விபத்தில் இறக்கும் முதியவர்களைவிட அதிகம். பெரும்பாலும் குளிர்காலத்தில்தான் நடக்கிறது. கூடத்தில் வெதுவெதுப்பு, உடை மாற்றும் இடத்தில் நடுக்கும் குளிர், அப்புறம் திடீரென்று சூடான நீர். இந்த ஏற்ற இறக்கத்தில் ரத்த அழுத்தம் எகிறி, சடாரென்று விழுகிறது. மயக்கம் வருவது தண்ணீருக்குள் என்பதுதான் ஆபத்து. ஹீட் ஷாக் என்ற சொல்லை இங்கே டிசம்பர் ஆனால் டிவியில் தினமும் கேட்கலாம்.

உடை மாற்றும் இடத்தில் சின்ன ஹீட்டர் ஒன்று வையுங்கள். அவர் போவதற்கு முன் தொட்டியின் மூடியைத் திறந்து வைத்தால் ஆவி பரவிக் குளியலறையும் சூடாகும். நீர் 40ஐத் தாண்ட வேண்டாம். சாப்பிட்ட உடனேயும் மது குடித்த பிறகும் கூடாது. எழும்போது தொட்டியின் விளிம்பைப் பிடித்து மெதுவாக எழ வேண்டும். பலர் விழுவது அப்போதுதான். வீட்டில் ஆள் இருக்கும்போது மட்டும் குளிக்கட்டும், நீங்கள் மூன்று நிமிடத்துக்கு ஒருமுறை வெளியிலிருந்து ஏதாவது பேச்சுக் கொடுங்கள். பதில் வராவிட்டால் உள்ளே போய் முதலில் அடைப்பானைப் பிடுங்குங்கள், பிறகு 119க்கு (இங்கே ஆம்புலன்ஸ் எண்) அழையுங்கள். ஆளைத் தூக்க முடியாவிட்டாலும் நீர் இறங்கிவிடும். தண்ணீரைத் திறந்துவிடாதீர்கள் என்று மேலே சொன்னதற்கு இது விதிவிலக்கு.

தீபாவளிக்கு எண்ணெய் தேய்த்துக் குளித்துவிட்டுத் தொட்டியில் இறங்கலாமா? (வாசகர், சுகுபா)

இறங்கலாம், கடைசி ஆளாக.

உங்கள் தொட்டியின் உள்சுவரில் வட்டமாக ஒரு மூடி தெரிகிறதா? ஆறிப்போன நீரை அந்த வழியாக உறிஞ்சி, வெளியே இருக்கும் எரிவாயுக் கொதிகலனுக்கு அனுப்பிச் சூடேற்றித் திரும்பக் கொண்டுவருவதுதான் ஒயிதாகி என்ற பொத்தானின் வேலை. என்னதான் சீயக்காய் போட்டுத் தேய்த்தாலும் நல்லெண்ணெயில் கொஞ்சம் தோலோடு வரும். அது அந்தக் குழாய்க்குள் போய்ப் படியும், படிந்ததில் கிருமி வளரும். அன்று மட்டும் ஒயிதாகி வேண்டாம், குளித்ததும் நீரை விட்டுவிடுங்கள்.

சீயக்காய்த் தூள் இன்னொரு தலைவலி. தரைச் சாக்கடையில் முடி பிடிக்கும் சல்லடை இருக்கும். அதன்மேல் பழைய காலுறைத் துணி ஒன்றைப் போர்த்திவிடுங்கள். தூள் குழாய்க்குள் இறங்கிக் கெட்டிப்பட்டு, கீழ்வீட்டுக் கூரையில் நீர் கசிந்த வீடு ஒன்றைப் பிரித்து வேலை பார்த்திருக்கிறேன். தரை வழுக்கும் என்பதை உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை.

புது வீடு கட்டுகிறோம். ஜப்பான் முறைக் குளியலறை வேண்டும் என்று ஆசை. ஹினோகி மரத்தொட்டி வரவழைக்கலாமா? (வாசகர், கோவை)

மரத்தொட்டி வேண்டாம். ஹினோகி வாசனைக்கு ஈடில்லைதான். ஆனால் அது தினமும் நனைந்து, தினமும் நிழலில் காய வேண்டிய பொருள். நான்கு வாரம் ஊருக்குப் போய்விட்டு வந்தால் பலகை சுருங்கி இடுக்கில் நீர் ஒழுகும். மழைக்காலத்தில் பூஞ்சை பிடிக்கும். ஜப்பானிலேயே பெரும்பாலான வீடுகளில் இருப்பது பிளாஸ்டிக் வகைத் தொட்டிதான். வாசனைக்கு ஒரு சின்ன ஹினோகி வாளி வாங்கிக்கொள்ளுங்கள்.

ஆழத்தைத்தான் கவனிக்க வேண்டும். கால் நீட்டிப் படுக்கும் ஹோட்டல் தொட்டியில் முழங்கால் மூழ்கினால் மார்பு மூழ்காது. உள்ளே 55 முதல் 60 சென்டிமீட்டர் ஆழம், நீளம் குறைவு, முழங்காலை மடக்கி உட்கார்ந்தால் தோள்வரை நீர் வர வேண்டும். மற்றபடி உங்கள் குளியலறை ஏற்கெனவே பாதி ஜப்பான்தான். தரை முழுக்க நனையலாம், தரையிலேயே வடிகால் இருக்கிறது, வாளியும் சொம்பும் இருக்கின்றன. மணை ஒன்று போட்டால் தீர்ந்தது.

தொட்டிக்கு 200 லிட்டர் என்று வையுங்கள். 25 டிகிரி நீரை 40க்குக் கொண்டுவர ஏறத்தாழ மூன்றரை யூனிட் மின்சாரம். 25 லிட்டர் கீசரில் 65 டிகிரிக்குக் காய்ந்த நீரைப் பச்சைத் தண்ணீர் விட்டு விளாவினால் கிடைப்பது 65 லிட்டர் சொச்சம். மூன்று தடவை காய்ச்ச வேண்டும், முதல் தவணை அதற்குள் ஆறிவிடும். 100 லிட்டர் சூரிய வெந்நீர்க் கலன் வாங்குங்கள். 60 டிகிரி நீர் 100 லிட்டர் இருந்தால் விளாவி ஒரு தொட்டி நிரம்பும், வெயில் சுட்ட நீர் சாயங்காலம் தயாராகவும் இருக்கும். ஜப்பானில் ஊறுவதும் சாயங்காலத்துக்கு மேல்தானே.

ஒருவர் ஊறிவிட்டு 200 லிட்டரைச் சாக்கடைக்கு விட்டால் அது கோடையில் பாவம். நான்கு பேர் அடுத்தடுத்து இறங்கினால் ஆளுக்கு 50 லிட்டர். இங்கே பல வீடுகளில் மீந்த நீரைச் சின்ன பம்பு வைத்துத் துவைக்கும் இயந்திரத்துக்கு இழுத்துவிடுவார்கள். கடைசி அலசலுக்கு மட்டும் குழாய்த் தண்ணீர். அப்புறம், மாடியில் தொட்டி என்றால் தொட்டியும் நீரும் ஆளும் சேர்ந்து 300 கிலோவை நெருங்கும். கட்டடப் பொறியாளரிடம் கான்கிரீட் போடுவதற்கு முன்பே சொல்லுங்கள்.

மே 4ஆம் தேதி பக்கத்து வீட்டு அம்மா கத்தி மாதிரி நீளமான இலைக் கட்டு ஒன்றைக் கொடுத்து 'ஒஃபுரோ' என்றார். சமைப்பதா, குளிப்பதா? (வாசகி, நகோயா)

எனக்குப் பிடித்த கேள்வி இது. அந்த இலையைக் கசக்கி முகர்ந்து பார்த்திருந்தால் உங்கள் அம்மாவின் ஞாபகம் வந்திருக்கும். அது ஷோபு, நம் வசம்பேதான். நாம் கிழங்கைச் சுட்டுக் குழந்தைக்கு உரைக்கிறோம், கையில் கட்டுகிறோம், பிள்ளை வளர்ப்பான் என்று பெயரே வைத்திருக்கிறோம். இவர்கள் மே 5, குழந்தைகள் தினத்தன்று இலையைக் குளியல் நீரில் போடுகிறார்கள். வீரத்தைக் குறிக்கும் சொல்லும் ஷோபு என்றே ஒலிப்பதால் ஆண்பிள்ளைகளுக்கு இது விசேஷம். ஓர் இலையைத் தலையில் பட்டை மாதிரிக் கட்டிக்கொண்டு தொட்டியில் உட்காருவார்கள்.

இலையைக் கழுவி, கட்டாகவே தொட்டியில் போட்டு அதன்மேல் சூடான நீரை விடுங்கள். வாசனை அப்போதுதான் இறங்கும். கடையில் பூவோடு விற்கும் ஹனஷோபு வேறு செடி, அதில் மணம் இருக்காது. டிசம்பர் 22 வாக்கில் அதே அம்மா யூசு பழம் கொண்டுவருவார். எலுமிச்சை உறவு. முழுசாக மிதக்க விடுங்கள், நறுக்கினால் வலைப்பையில் போடுங்கள். குழந்தைக்குத் தோல் எரிகிறது என்றால் உடனே எடுத்துவிடுங்கள்.

எங்கள் அறையில் கழிப்பறை, கைகழுவும் தொட்டி, குளியல் தொட்டி மூன்றும் ஒரே பெட்டிக்குள். வெளியே தேய்த்துக் குளிக்க இடமே இல்லை. (மாணவர், தோக்கியோ)

அங்கே வரிசையை மாற்றுங்கள். திரையைத் தொட்டிக்குள் விட்டு முதலில் ஊறுங்கள், அப்புறம் நீரைத் திறந்துவிட்டபடியே அதிலேயே சோப்புப் போட்டு ஷவரில் அலசுங்கள். நீங்கள் ஒரே ஆள், யாரும் பின்னால் காத்திருக்கவில்லை. சனிக்கிழமை மட்டும் பக்கத்திலிருக்கும் சென்டோ என்ற பொதுக் குளியலகத்துக்குப் போங்கள்; தோக்கியோவில் கட்டணம் 2024 ஆகஸ்டில் 550 யென் ஆனது. மஞ்சள் பிளாஸ்டிக் வாளியின் அடியில் கெரோரின் என்று எழுதியிருந்தால் அது தலைவலி மருந்து விளம்பரம், 1963இலிருந்து ஓடிக்கொண்டிருக்கிறது.

சுவரில் கருப்புப் புள்ளி, தரையில் ரோஜா நிற வழவழப்பு. தினமும் தேய்க்கிறேன், போகவில்லை.

தேய்ப்பதைவிடக் காய வைப்பதுதான் மருந்து. கடைசி ஆள் குளித்து முடித்ததும் நீரை விட்டுவிட்டு, சுவரில் சோப்பு நுரையைச் சூடான நீரால் அலசி, பிறகு பச்சைத் தண்ணீர் அடித்துச் சுவரை ஆற வையுங்கள். கதவைச் சாத்திவிட்டு, காற்றை வெளியேற்றும் விசிறியைக் காலைவரை ஓட விடுங்கள். மின்கட்டணம் ஒன்றும் பெரிதாக ஏறாது. முக்காலியையும் வாளியையும் தரையில் வைக்காமல் தூக்கி மாட்டுங்கள்.

ஐந்து வயது மகன் தொட்டியில் இறங்கிய வேகத்தில் ஏறிவிடுகிறான். எவ்வளவு நேரம் இருக்க வேண்டும்? (வாசகி, ஒசாகா)

குழந்தைக்கு 38, 39 டிகிரி போதும், ஐந்து நிமிடம் போதும். பெரியவர் ஒருவர் கூடவே உட்கார வேண்டும், போனை வெளியே வைத்துவிட்டு. இங்கே எல்லா வீட்டிலும் ஒரே உத்திதான்: தோள்வரை மூழ்கி நூறு எண்ணு, அப்புறம் எழுந்திரு. என் மகள் ஜப்பானிய மொழியில்தான் எண்ணுவாள். 'தொண்ணூற்றொன்பது சொல்வதற்குள் இங்கே ரெண்டு நம்பர் போயிடும்பா' என்பாள். குளிர் கடுமையான நாட்களில் மட்டும் தமிழில் எண்ணச் சொல்கிறேன்.