மண்ணோடு சிமென்ட் கலந்தால் போதுமா?

கேள்வி: சதுப்பு ஓரத்தில் மனை, 6 மீட்டர் வரை இளகிய களிமண். பைல் (ஆழத்தில் இறக்கும் கான்கிரீட் தூண்) வேண்டாம், மண்ணிலேயே சிமென்ட் கலந்து தூண் போடலாம் என்கிறார் கான்ட்ராக்டர். சரியா?

பதில்: முறை சரிதான். ஆனால் மண்ணைச் சோதிக்காமலே சிமென்ட் அளவு சொன்னால் நம்பாதீர்கள். பொதுவாக ஒரு கன மீட்டர் மண்ணுக்கு 150 முதல் 300 கிலோ வரை பிடிக்கும். மக்கிய தழை இருந்தால் அதிலுள்ள ஹ்யூமிக் அமிலம் சிமென்ட்டை இறுக விடாது. அப்போது ஸ்லாக் சிமென்ட்டையும் (இரும்பு உலைக் கசடு கலந்தது) சோதித்துப் பாருங்கள். லேபில் வரும் 28 நாள் வலிமையில் பாதியோ, மூன்றில் ஒரு பங்கோதான் தளத்தில் எதிர்பார்க்கலாம்.

கெடுவது பெரும்பாலும் கலக்குவதில்தான். களிமண் கலக்கும் மிஷினின் பிளேடில் அப்பிக்கொண்டு கூடவே சுற்றும். சிமென்ட் பால் படாத பச்சை மண் கட்டி கட்டியாக உள்ளே நின்றுவிடும். இதைத் தடுக்க, மிஷின் தண்டில் சுழலாத குறுக்குத் தகடு இருக்கிறதா என்று கேளுங்கள். ஜப்பானில் ஒரு மீட்டர் ஆழத்துக்கு பிளேடின் 350 வெட்டாவது விழுகிறதா என்று கணக்கு வைப்பார்கள். அவசரமாக மிஷினை மேலே இழுத்தால் அந்தக் கணக்கு போச்சு. முடிந்தபின் தூணில் கோர் (துளைத்தெடுக்கும் உருளை மாதிரி) எடுக்காமல் பில்லுக்குப் பணம் தராதீர்கள்.

கேள்வி: ராணிப்பேட்டை குரோமியக் கழிவு மண்ணுக்கும் இது உதவுமா?

பதில்: வெறும் சிமென்ட் உதவாது. ஆறு இணைதிறன் குரோமியம் (நச்சு வடிவம்) சிமென்ட் தரும் காரத்திலும் கரைந்து கசியும். முதலில் ஃபெரஸ் சல்பேட் கலந்து எளிதில் கரையாத மூன்று இணைதிறனுக்கு இறக்கி, பிறகே சிமென்ட். கசிவுச் சோதனையில் தேறினால்தான் வேலை முடிந்ததாகக் கொள்ளலாம்.