குடல் பாக்டீரியாவா, கேஸ் மாத்திரையா? பிட்யூட்டரிக் கட்டி பற்றி ஒரு வாசகியின் கேள்வி

கேள்வி: எனக்கு வயது 31. திருமணமாகி 4 வருடம் ஆகிறது, இன்னும் குழந்தை இல்லை. 5 மாதமாக மாதவிலக்கு வரவில்லை. மார்பை அழுத்தினால் பால் போலக் கசிகிறது. ரத்தப் பரிசோதனையில், பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோன் 118 என்று அதிகமாக இருந்தது. எம்ஆர்ஐ எடுத்ததில் மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பியில் 5 மி.மீ. கட்டி இருப்பதாகச் சொல்லி, வாரம் இரண்டு நாள் கேபர்கோலின் மாத்திரை எழுதித் தந்திருக்கிறார்கள். இன்னும் ஆரம்பிக்கவில்லை. ஒன்றரை வருடமாக உப்புசமும் நெஞ்செரிச்சலும் இருப்பதால் தினமும் காலையில் வெறும் வயிற்றில் ஒரு கேஸ் மாத்திரை போடுகிறேன். குடலில் கெட்ட பாக்டீரியா பெருகுவதால்தான் பிட்யூட்டரிக் கட்டி வருகிறது, குடலைச் சுத்தம் செய்து, நல்ல பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் சாப்பிட்டால் கட்டி கரைந்துவிடும் என்று ஒரு வீடியோவில் சொன்னார்கள். உண்மையா? கேபர்கோலினுக்குப் பதிலாக அதை முயன்று பார்க்கலாமா?

பதில்: வேண்டாம். புரோபயாடிக் சாப்பிட்டு பிட்யூட்டரிக் கட்டி கரைந்தது என்பதற்கு மனிதர்களிடம் எந்த நிரூபணமும் கிடையாது. அதே சமயம், உங்கள் கடிதத்தில் ஒரு வரி என்னைப் பிடித்து நிறுத்திவிட்டது. தினமும் காலையில் போடும் அந்தக் கேஸ் மாத்திரை.

எழுந்து போய் அந்த அட்டையை எடுத்து வாருங்கள். பின்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்தில் பிடித்து, பெரிய எழுத்தில் இருக்கும் பெயரை விட்டுவிட்டு, அதன் கீழே பொடி எழுத்தில் இருப்பதைப் படியுங்கள். பான்டோப்ரசோல், ரேபிப்ரசோல் போன்ற ஒன்று முதலில் இருக்கும். அது அமிலத்தைக் குறைக்கும் மருந்து. அதற்கு அடுத்து டோம்பெரிடோன் என்றோ லெவோசல்பிரைடு என்றோ இருக்கிறதா? நம் ஊரில் வாயுத் தொல்லைக்கு மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் கையில் கிடைப்பது இந்தக் கூட்டு மாத்திரைதான். பெயருக்குப் பின்னால் 'டி', 'டிஎஸ்ஆர்', 'எல்' என்று ஓர் எழுத்து ஒட்டியிருந்தால் சந்தேகப்படலாம்.

ஏன் இவ்வளவு வற்புறுத்துகிறேன் என்று சொல்கிறேன். பிட்யூட்டரி என்பது மூக்கின் வேருக்குப் பின்னால், மண்டையோட்டின் அடித்தளத்தில் ஒரு சிறு குழிக்குள் உட்கார்ந்திருக்கும் பட்டாணி அளவுச் சுரப்பி. எடை அரை கிராம் அளவுதான். அது சுரக்கும் மற்ற ஹார்மோன்களுக்கெல்லாம் மேலே இருக்கும் ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதி "சுர" என்று உத்தரவு போடும். புரோலாக்டினுக்கு மட்டும் கதை நேர்மாறு. அதைச் சுரக்கவிடாமல் எந்நேரமும் பிரேக்கை மிதித்தபடி இருக்கும். அந்தப் பிரேக்கின் பெயர் டோபமைன். டோம்பெரிடோனும் லெவோசல்பிரைடும் டோபமைன் வேலை செய்யும் இடத்தை அடைத்துக்கொள்கிற மருந்துகள். வயிற்றில் அடைத்தால் இரைப்பை சுறுசுறுப்பாக அசைந்து உணவைக் கீழே தள்ளும், உப்புசம் தணியும். பிட்யூட்டரியில் அடைத்தால் பிரேக் விட்டுப்போகும், புரோலாக்டின் ஏறும். மாதவிலக்கு நிற்கும். பால் கசியும். குழந்தை உண்டாவதும் தள்ளிப்போகும்.

"டோம்பெரிடோன் மூளைக்குள் போகாது என்றுதானே சொல்கிறார்கள்" என்று விவரம் தெரிந்தவர்கள் கேட்பார்கள். சரிதான், அவ்வளவாகப் போகாது. ரத்தத்தில் இருப்பதெல்லாம் மூளைக்குள் புகாமல் காக்கும் ரத்த-மூளைத் தடுப்பு அதை நிறுத்திவிடும். ஆனால் பிட்யூட்டரி அந்தத் தடுப்புக்கு வெளியே இருக்கிறது. டோம்பெரிடோன் தாராளமாக அங்கே போகும். இந்தப் பால் சுரக்கும் விளைவுக்காகவே தாய்ப்பால் போதாத பெண்கள் டோம்பெரிடோனைத் தேடிப் போனதால், அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2004-இல் எச்சரிக்கை விட வேண்டியிருந்தது.

அப்படியானால் எம்ஆர்ஐயில் தெரிந்த 5 மி.மீ. கட்டி? அது புரோலாக்டின் சுரக்கும் கட்டியாகவே இருக்கலாம். ஆனால் எந்தத் தொந்தரவும் இல்லாதவர்களை எம்ஆர்ஐ எடுத்துப் பார்த்தாலும் ஏறக்குறைய பத்தில் ஒருவருக்கு பிட்யூட்டரியில் இப்படி ஒரு சின்னப் புள்ளி தெரிகிறது. பெரும்பாலும் அவை வாழ்நாள் முழுக்க எதுவும் செய்யாமல் கிடப்பவை. 118 என்ற அளவும் இரண்டு பக்கமும் பேசும் அளவு. சின்னக் கட்டியாலும் வரும், மாத்திரையாலும் வரும். நீங்கள் ரத்தம் கொடுத்த அன்று காலையிலும் அந்த மாத்திரையைப் போட்டிருந்தால், அந்த எண்ணை வைத்து யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

நல்லவேளையாக நீங்கள் கேபர்கோலினை இன்னும் தொடங்கவில்லை. அட்டையில் அந்தப் பெயர்கள் இருந்தால் உங்கள் ஹார்மோன் மருத்துவரிடம் அட்டையைக் காட்டுங்கள். குறைந்தது 3 நாள் அதை நிறுத்திவிட்டு புரோலாக்டினை மறுபடி பார்ப்பதுதான் வழக்கம். நெஞ்செரிச்சலுக்கு, டோம்பெரிடோன் கலக்காத வெறும் அமில மாத்திரையைக் கேட்டு வாங்கிக்கொள்ளலாம். ஆனால் ஒன்று: மனநலத்துக்கான சில மருந்துகளும் புரோலாக்டினை ஏற்றும். அவற்றைச் சாப்பிடுகிறவர்கள் இதைப் படித்துவிட்டு தாங்களாக ஒரு நாள்கூட நிறுத்தக் கூடாது.

கூடவே கர்ப்பப் பரிசோதனையும் தைராய்டு பரிசோதனையும் செய்துகொண்டீர்களா என்று பாருங்கள். தைராய்டு குறைந்தாலும் புரோலாக்டின் ஏறும், பிட்யூட்டரியே வீங்கி கட்டி போலத் தெரியலாம். மலச்சிக்கலும் உப்புசமும்கூட வரும்.

சரி, இப்போது பாக்டீரியா விஷயத்துக்கு வருகிறேன். அந்த வீடியோக்காரர் முழுக்கக் கற்பனையாகப் பேசவில்லை. குடலுக்கும் பிட்யூட்டரிக்கும் தொடர்பு இருக்கிறது. 2004-இல் ஜப்பானின் கியூஷு பல்கலைக்கழகத்தில், பிறந்ததிலிருந்து ஒரு கிருமிகூட இல்லாமல் வளர்க்கப்பட்ட எலிகளை, மன அழுத்தம் உண்டாக, அசைய முடியாமல் அடைத்து வைத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றுக்கு, பிட்யூட்டரி சுரக்கும் ஏசிடிஎச் என்ற ஹார்மோன் மிக அதிகமாக எகிறியது. சிறு வயதிலேயே பிஃபிடோபாக்டீரியம் என்ற நல்ல பாக்டீரியாவைக் குடலில் குடியேற்றியபோது அது அடங்கியது. எனக்கு மிகவும் பிடித்த ஆய்வு அது. குடலில் வாழும் உயிர்கள் மூளையின் அடியில் இருக்கும் சுரப்பியின் போக்கை மாற்ற முடியும் என்று அவ்வளவு தெளிவாகக் காட்டியது. ஆனால் அது ஹார்மோன் சுரப்பைப் பற்றிய ஆய்வு, அந்த எலிகளுக்குக் கட்டி எதுவும் கிடையாது.

கட்டியைப் பற்றிய ஆய்வுகள் அண்மையில்தான் வரத் தொடங்கியிருக்கின்றன. பிட்யூட்டரிக் கட்டி உள்ளவர்களின் மலத்தையும் இல்லாதவர்களின் மலத்தையும் ஒப்பிட்டு, பாக்டீரியாக்களின் கலவை வேறுபடுவதாகச் சொல்கிறார்கள். வேறுபடத்தானே செய்யும்? வளர்ச்சி ஹார்மோன் அதிகம் சுரக்கும் அக்ரோமெகாலி நோயில் பெருங்குடலே நீண்டுவிடுகிறது, உணவு மெதுவாக நகர்கிறது, சிறுகுடலில் பாக்டீரியா பெருகுகிறது. அந்த நோயாளிகளுக்குப் பெருங்குடலில் பாலிப் என்ற சிறு சதை வளர்ச்சி அதிகம் வருவதால் நோய் தெரிந்ததும், குழாய் விட்டுப் பெருங்குடலைப் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி செய்யச் சொல்கிறோம். அவர்களுக்குப் போடும் ஆக்ட்ரியோடைடு ஊசியும் வயிற்றுப்போக்கைக் கொண்டுவரும். இத்தனையும் கட்டியாலும் அதற்கான சிகிச்சையாலும் குடலில் நடக்கும் மாற்றங்கள். இதைத் தலைகீழாகப் படித்து, பாக்டீரியா மாறியதால் கட்டி வந்தது என்று முடிவு கட்டினால் நோயாளி ஏமாந்துபோவார்.

தயிரும் மோரும் பழைய சோறும் தாராளமாகச் சாப்பிடுங்கள், குடலுக்கு நல்லது. "குடல் சுத்தம்" என்று பேதி மருந்து மட்டும் குடிக்காதீர்கள். நீர்ச்சத்தும் உப்பும் போய் மயங்கி விழுவதுதான் மிச்சம்.

மறுபரிசோதனையிலும் புரோலாக்டின் இறங்காமல் இருந்து, கட்டிதான் காரணம் என்று உங்கள் மருத்துவர் சொன்னால், தயங்காமல் கேபர்கோலினைத் தொடங்குங்கள். பத்தில் எட்டுப் பேருக்கு மேல் அதிலேயே புரோலாக்டின் சீராகிவிடும், கட்டியும் சுருங்கும். பெரும்பாலும் கத்திக்கே வேலை இருக்காது. ஆரம்பத்தில் குமட்டும். இரவு சாப்பிட்டதும் போட்டுவிட்டுப் படுத்துவிடுங்கள். அந்தக் குமட்டலுக்கு யாராவது டோம்பெரிடோன் எழுதினால் வாங்காதீர்கள். கேபர்கோலின் மிதிக்கும் பிரேக்கை டோம்பெரிடோன் விட்டுவிடும். இன்னொரு விஷயம், மாதவிலக்கு திரும்ப வருவதற்கு முன்பே கருமுட்டை வெளிவந்துவிடலாம். குழந்தை தங்கினாலும் தங்கலாம். நாள் தள்ளிப்போனது போலத் தோன்றினால் மாத்திரையைத் தொடரும் முன் சிறுநீர்ப் பரிசோதனை செய்து மருத்துவரிடம் சொல்லுங்கள்.

5 மி.மீ. கட்டி கண் நரம்பைத் தொடாது. ஆனாலும் திடீரென்று தாங்க முடியாத தலைவலியும் வாந்தியும் வந்தாலோ, பார்வை இரண்டாகத் தெரிந்தாலோ, இரு ஓரங்களிலும் பார்வை மறைந்தாலோ காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரியின் அவசரப் பிரிவுக்குப் போங்கள். போகும்போது எம்ஆர்ஐ படத்தையும், நீங்கள் சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும், கேஸ் மாத்திரை உட்பட, கையில் எடுத்துக்கொள்ளுங்கள்.