பெயருக்கு எதிரே எழுதியிருக்கும் பதவி

வணக்கம் ஐயா,

செந்தூலிலிருந்து எழுதுகிறேன். கணக்கியல் படித்து, நான்கு வருடமாக ஒரு கணக்காய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். வெளிநாட்டுப் பொதுக்கொள்கைப் பள்ளி ஒன்றில் இரண்டு வருட முதுகலைக்கு இடம் கிடைத்திருக்கிறது. உபகாரச் சம்பளம் கட்டணத்தில் பாதிக்குத்தான் வரும். மீதிக்குச் சேமிப்பும் கடனும்.

சேர்க்கைக் கடிதத்தோடு, "இவர்களிடம் பேசலாம்" என்று மலேசியாவிலிருக்கும் 14 முன்னாள் மாணவத் தொண்டூழியர்களின் பட்டியலையும் அனுப்பியிருக்கிறார்கள். பெயர், படித்து முடித்த ஆண்டு, இப்போதைய பதவி. நிதி அமைச்சில் முதன்மை உதவிச் செயலாளர், ஐ.நா. அமைப்பில் ஆலோசகர், ஆய்வு மையத்தில் இயக்குநர், அமைச்சரின் சிறப்பு அதிகாரி என்று போகிறது. அப்பா அதைப் பார்த்ததிலிருந்து, "இதைப் படித்தால் இங்கெல்லாம் போகலாம் போலிருக்கே" என்கிறார். அம்மாவுக்கு அதில் நம்பிக்கை இல்லை. "பேசாமல் பிடிடிக்கு எழுது, நிலையான வேலை" என்கிறார், அதாவது அரசாங்கத்தின் நிர்வாக, அரசதந்திர அதிகாரி வேலைக்கு.

இந்தப் பட்டியலை எவ்வளவு தூரம் நம்பலாம்? அவர்களிடம் என்ன கேட்பது? படித்துவிட்டு வந்து நானும் தொண்டூழியராகச் சேர்ந்தால் வேலைக்கு உதவுமா?

யாழினி, செந்தூல்

*

அன்புள்ள யாழினி,

அப்பாவிடம் ஒன்று கேட்டுப் பாருங்கள். நிதி அமைச்சில் இருக்கும் அந்த முதன்மை உதவிச் செயலாளர், பள்ளியில் சேர்வதற்கு முந்தைய வாரம் எங்கே உட்கார்ந்திருந்தார்? அநேகமாக நிர்வாகத் தலைநகரான புத்ராஜெயாவில், ஒரு தரம் இரண்டு தரம் கீழே. அரசாங்கம் ஹாடியா லத்தேஹான் பெர்செக்குத்துவான் என்ற திட்டத்தில் பணியில் இருக்கும் அதிகாரிகளை முழுச் சம்பளத்தோடு படிப்பு விடுப்பில் அனுப்புகிறது. போகிறார், படிக்கிறார், ஒப்பந்தப்படி திரும்பி வந்து அதே சேவையில் தொடர்கிறார். சில வருடம் கழித்துப் பதவி உயர்வு. பட்டியலில் நீங்கள் பார்ப்பது அந்த உயர்ந்த பதவியை மட்டும்.

பல பள்ளிகளின் அமைப்பே இப்படித்தான். ஹார்வர்டு கென்னடி பள்ளியில் பணியிடைக்கால முதுகலை என்று ஒரு வருடப் படிப்பு உண்டு. அதற்கு விண்ணப்பிக்கவே 7 வருட முழுநேர அனுபவம் வேண்டும். 2004-ல் தொடங்கிய சிங்கப்பூர் லீ குவான் யூ பள்ளியிலும் அனுபவசாலிகளுக்கான ஒரு வருடப் பொது நிர்வாக முதுகலை தனி, இளையவர்களுக்கான இரண்டு வருடப் பொதுக்கொள்கை முதுகலை தனி. இரண்டிலும் படித்தவர்களை முன்னாள் மாணவர் பட்டியல் ஒன்றாகவே போடும். ஆகவே முதல் வேலையாக, 14 பேரில் உங்களுடைய அதே படிப்பைப் படித்தவர்கள் எத்தனை பேர் என்று பிரியுங்கள். ஆறு தேறினாலே அதிர்ஷ்டம்.

அந்த ஆறு பேருக்கும் ஒரு தாளில் நான்கு பத்தி கொண்ட அட்டவணை போடுங்கள். படிப்புக்கு முன் என்ன வேலை. படிப்புக்கு யார் பணம் கட்டினார்கள். படித்து முடித்ததற்கும் முதல் வேலைக்கும் இடையே எத்தனை மாதம். அந்த முதல் வேலை நிரந்தரமா, ஒப்பந்தமா. முதல் பத்தியும் மூன்றாவதும் லிங்க்ட்இன்னிலேயே கிடைத்துவிடும், தேதிகளைக் கொஞ்சம் உன்னிப்பாகப் பார்த்தால் போதும். ஆண்டு மட்டும் போட்டு மாதம் போடாமல் விட்டிருந்தால், இடைவெளி அங்கேதான் ஒளிந்திருக்கும். "சுயாதீன ஆலோசகர்" என்று எட்டு மாதம் இருந்தால் அது வேலை தேடிய காலமாக இருக்க வாய்ப்பு அதிகம். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. உங்கள் கடன் தவணைக் கணக்குக்கு அந்த எட்டு மாதம் தேவை, அவ்வளவுதான். இரண்டாவதும் நான்காவதும் நேரில் கேட்டால்தான் தெரியும்.

பதவிப் பெயர்களுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்பதையும் சொல்லிவிடுகிறேன்.

ஐ.நா. "ஆலோசகர்" என்பது பெரும்பாலும் ஒரு குறிப்பிட்ட அறிக்கைக்கோ இத்தனை வேலை நாட்களுக்கோ போடும் தனிநபர் ஒப்பந்தம். ஓய்வூதியம் இல்லை, வேலை முடிந்தால் ஒப்பந்தமும் முடிந்தது. அதே அலுவலகத்தில் தேசிய அதிகாரி என்று இன்னொரு வகை உண்டு. என்ஓஏ, என்ஓபி என்று தரம் வைத்திருப்பார்கள். அது அந்தந்த நாட்டுக் குடிமக்களுக்கு மட்டுமே உரிய பதவி, ஆகவே உங்களோடு போட்டியிடுபவர்கள் மலேசியர்கள்தான். பி என்று தொடங்கும் சர்வதேசத் தரங்களுக்கு உலகமே வரிசையில் நிற்கும். பேசும்போது "எந்த அமைப்பு" என்று கேட்பதைவிட "எந்த வகை ஒப்பந்தம், எந்தத் தரம்" என்று கேளுங்கள். அந்த உலகத்தில் அது நாகரிகமான கேள்விதான், யாரும் தப்பாக நினைக்க மாட்டார்கள்.

அமைச்சரின் சிறப்பு அதிகாரி பதவியைக் கோ-டெர்மினஸ் நியமனம் என்பார்கள். அமைச்சர் இருக்கும்வரை அதிகாரி. 2018 மே, 2020 மார்ச், 2021 ஆகஸ்ட், 2022 நவம்பர் என்று நான்கரை வருடத்தில் நான்கு முறை பிரதமர் மாறிய நாடு இது. ஒவ்வொரு மாற்றத்திலும் கெட்டிக்காரர்கள் பலர் ஒரே வாரத்தில் பெட்டியைக் கட்டினார்கள். அந்தத் தொண்டூழியர் 2019-ல் பதவியேற்றவர் என்றால், 2020 ஏப்ரலில் என்ன செய்தார் என்று கேளுங்கள். அவர் சொல்லக்கூடிய மிகப் பயனுள்ள தகவல் அதுவாகவே இருக்கும். சிலர் அங்கிருந்து தனியார் நிறுவனங்களின் அரசாங்க உறவுப் பிரிவுக்குப் போகிறார்கள், சிலர் ஆய்வு மையங்களுக்கு. நாடாளுமன்றத்துக்குள் எந்தக் கோப்பு எப்படி நகர்கிறது என்று பார்த்தவர்களுக்கு வெளியே விலை உண்டு.

ஆய்வு மையங்களில் பெயர் பெரிது, ஆள் கொஞ்சம். 1983-ல் தொடங்கிய ஐசிஸ் மலேசியா, 2010-ல் வந்த ஐடியாஸ், 2014-ல் வந்த கஸானா ஆய்வு நிறுவனம், பினாங்கு மாநில அரசாங்கத்தின் ஆதரவில் இயங்கும் பினாங்கு இன்ஸ்டிடியூட் என்று ஒவ்வொன்றும் ஒவ்வொரு வகைப் பணத்தில் நிற்கிறது. நன்கொடையில் ஓடும் இடத்தில் உங்கள் நாற்காலியின் ஆயுள் திட்டப் பணத்தின் ஆயுள். அரசாங்கத்தை ஒட்டிய இடத்தில் நாற்காலி உறுதி, எழுத்தில் நிதானம் தேவை. ஆள் எடுக்கும்போது பட்டத்தைவிட எழுத்து மாதிரியைத்தான் முதலில் பிரிப்பார்கள். இரண்டு பக்கக் கொள்கைக் குறிப்பு ஒன்று ஆங்கிலத்திலும் ஒன்று மலாயிலும் தயாராக இருக்கட்டும். மலாயில் எழுத வராமல் நல்ல பள்ளியிலிருந்து வந்தவர்கள் தடுக்கி விழுவது இங்கேதான்.

சரி, பட்டியல் எப்படி உருவாகிறது? பள்ளியின் முன்னாள் மாணவர் அலுவலகம் மின்னஞ்சல் அனுப்பும். வேலையில் இருப்பவர், நேரம் உள்ளவர், சொல்லிக்கொள்ளும்படியான பதவி உள்ளவர் படிவத்தை நிரப்புவார். வேலை தேடிக்கொண்டிருப்பவர் அந்த மின்னஞ்சலைத் திறக்கவே மாட்டார். வந்ததிலிருந்து அலுவலகம், அரசாங்கத்துக்கு இருவர், ஐ.நா.வுக்கு ஒருவர், தனியாருக்கு இருவர் என்று பந்தி பரிமாறுவதுபோல் எடுத்து வைக்கும். கல்யாணத் தரகர் காட்டும் படத்தில் யாரும் மூக்கைச் சிந்திக்கொண்டு நிற்பதில்லை. பதவியும் சில சமயம் இரண்டு வருடம் பழையதாக இருக்கும், பட்டியலை யார் உட்கார்ந்து புதுப்பிப்பது?

எதிர்த் திசையிலும் ஒரு சாய்வு உண்டு. அரசாங்க அதிகாரிகளின் நடத்தைக்கென்று 1993-ல் வந்த விதிமுறைகளில் 19-வது விதி, அரசாங்கக் கொள்கைகளைப் பற்றி அனுமதியில்லாமல் பொதுவில் கருத்துச் சொல்வதைத் தடுக்கிறது. படிப்பைப் பற்றிப் பேசினால் அது இதில் அடங்காது. ஆனால் பள்ளி நடத்தும் அறிமுகக் கூட்டத்தின் மேடையில் கேள்வி எப்படியும் அவர் வேலை பார்க்கும் மானியத்துக்கோ வரிக்கோ தாவும். அதனால் எச்சரிக்கையான அதிகாரிகள் மேடைக்கே வருவதில்லை, தனியாகக் கேட்டால் ஒரு மணி நேரம் பேசுவார்கள். ஆகவே அறிமுகக் கூட்டத்தில் உட்கார்ந்து குறிப்பெடுப்பதோடு நிற்காதீர்கள்.

எழுதும் மின்னஞ்சல் பத்து வரியைத் தாண்ட வேண்டாம். யார் நீங்கள், எந்தப் படிப்புக்கு இடம், எந்தத் தேதிக்குள் முடிவு, 20 நிமிடம் கிடைக்குமா. அரசாங்கத்தில் இருப்பவரை வெள்ளிக்கிழமை நண்பகலில் கூப்பிடாதீர்கள், தொழுகைக்கான இடைவேளை 12.15 முதல் 2.45 வரை. நிதி அமைச்சுக்காரரை வரவுசெலவுத் திட்டம் தாக்கலாகும் அக்டோபரிலும் அதற்கு முந்தைய மாதத்திலும் விட்டுவிடுங்கள், பாவம். "வேலைக்குச் சொல்லிவிட முடியுமா" என்ற வாசனை முதல் மின்னஞ்சலில் அடித்தால் பதில் வராது.

கேள்விகளில் முக்கியமானது ஒன்றுதான். உங்கள் வகுப்பில் சொந்தப் பணத்தில் படித்துவிட்டு மலேசியா திரும்பியவர்கள் யார், அவர்கள் இப்போது என்ன செய்கிறார்கள்? பட்டியலில் இல்லாத ஒருவரோடு பேச ஏற்பாடு செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். எண்ணை நேரடியாக வாங்காமல், அவர் சம்மதத்தைக் கேட்டுவிட்டுத் தரச் சொல்லுங்கள். உங்கள் நிலைமை அந்தப் பட்டியலில் இல்லாதவருடைய நிலைமைதான். அடுத்ததாக, எந்தப் பாடம் இன்றும் வாரத்துக்கு ஒரு முறையாவது கைகொடுக்கிறது என்று கேளுங்கள். புள்ளியியல், வரவுசெலவு, குறிப்பு எழுதுதல் என்று வந்தால் நம்பலாம். "கண்ணோட்டம் விரிந்தது" என்று மட்டும் வந்தால் அந்தப் பேச்சை நீட்ட வேண்டியதில்லை.

பள்ளியிடமும் ஒரு கேள்வி இருக்கிறது. பட்டதாரிகளில் இத்தனை விழுக்காடு ஆறு மாதத்தில் வேலையில் என்று அறிக்கை தருவார்கள். அதில் பழைய வேலைக்கே திரும்பிய அதிகாரிகளையும் சேர்த்திருக்கிறார்களா? கணக்கெடுப்புக்குப் பதில் தராதவர்களை எங்கே வைத்தார்கள்? விழுக்காட்டில் கீழே வகுக்கும் எண் எது என்று கணக்காய்வாளருக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை.

அம்மா சொல்வதை அலட்சியப்படுத்தாதீர்கள், ஆனால் வரிசையைக் கவனியுங்கள். பிடிடிக்கு இளங்கலையும் ஐந்தாம் படிவ எஸ்பிஎம் தேர்வில் மலாய் மொழியில் கிரெடிட்டும் போதும். பொதுச் சேவை ஆணையத்தின் தேர்வு, பிறகு குழுவாக வைத்துச் சோதிக்கும் மதிப்பீட்டு மையம், பிறகு நேர்முகம். முதுகலை இருந்தாலும் நுழைவுத் தரம் அதே எம்9தான், 2024 டிசம்பர் சம்பளத் திட்டத்துக்கு முன் எம்41 என்றார்களே, அது. ஆகவே பிடிடிதான் நோக்கம் என்றால் முதலில் உள்ளே போய், பணி உறுதியாகி, வருடாந்திர மதிப்பெண்ணைக் காப்பாற்றிக்கொண்டு, அரசாங்கச் செலவில் படிக்கப் போட்டியிடுவது மலிவு. நிச்சயம் கிடைக்கும் என்று சொல்ல முடியாது. ஆனால் கடன் வாங்கிப் படித்துவிட்டு வந்து அதே தரத்தில் நுழைவதைவிட மேல்.

பிடிடி நோக்கம் இல்லை என்றால், கணக்காய்வைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு ஆளாக வருவதாக நினைக்காதீர்கள். நிறுவனங்கள் பருவநிலை போன்ற நிலைத்தன்மை விஷயங்களை எப்படி அறிக்கையிட வேண்டும் என்று சொல்லும் தேசிய நிலைத்தன்மை அறிக்கைக் கட்டமைப்பு 2024 செப்டம்பரில் வெளியானது. பங்குச் சந்தையின் பெரிய நிறுவனங்களுக்கு 2025-லிருந்து, மற்றவர்களுக்குப் படிப்படியாக. அறிக்கை எழுதவும் சரிபார்க்கவும், ஒழுங்குமுறை அமைப்புகளின் பக்கம் உட்கார்ந்து அதைப் படிக்கவும் ஆள் வேண்டும். எண்ணும் தெரிந்து கொள்கையும் தெரிந்தவர் அதில் அபூர்வம். பொது நிதி, ஒழுங்குமுறைப் பாடங்களை அந்தப் பள்ளி தருகிறது என்றால் இந்தப் படிப்புக்கு உங்கள் விஷயத்தில் அர்த்தம் இருக்கிறது. தலைமைத்துவமும் பேச்சுவார்த்தையுமாக நிரப்பியிருந்தால், பாதி உபகாரச் சம்பளத்துக்கு அது விலை அதிகம் என்பேன். அடுத்த வருடத்துக்கு இடத்தைத் தள்ளிவைக்க முடியுமா என்று வைப்புத்தொகை கட்டுவதற்கு முன்னாலேயே கேட்டுவிடுங்கள், கட்டிய பிறகு பதில் வேறு மாதிரி வரும்.

தொண்டூழியம் வேலைக்கு உதவுமா? பட்டியலில் பெயர் கொடுத்து மாணவர்களின் மின்னஞ்சலுக்குப் பதில் எழுதுவதால் உதவாது, அது நல்ல காரியம், அவ்வளவே. நிகழ்ச்சி ஏற்பாடு செய்வது உதவும், ஏனென்றால் முன்பின் தெரியாத ஒரு இயக்குநருக்கு எழுத உங்களுக்கு ஒரு காரணம் கிடைக்கிறது. ஒரு வருடத்தில் மூன்று சிறு கூட்டம், ஒவ்வொன்றிலும் 15 பேர் போதும். இலவசம் என்று அறிவித்தால் பதிவு செய்தவர்களில் பாதிப் பேர் வரமாட்டார்கள் என்று வைத்துக்கொண்டு சாப்பாடு சொல்லுங்கள், அல்லது 20 வெள்ளி முன்பணம் வாங்கி வாசலில் திருப்பிக் கொடுங்கள். முன்னாள் மாணவர்களின் எண்கள் உள்ள எக்செல் கோப்பை வாட்ஸ்அப் குழுவில் போடவே கூடாது, ஒருமுறை காப்புறுதி முகவர் கையில் போனால் அடுத்த நிகழ்ச்சிக்கு யாரும் பெயர் தரமாட்டார்கள்.

முன்னாள் மாணவர் சங்கத்தின் மலேசியக் கிளை பதிவாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். 1966 சங்கச் சட்டத்தின்கீழ் பதிவாகாத கிளைக்குத் தன் பெயரில் வங்கிக் கணக்கு திறக்க முடியாது. பணம் யாரோ ஒருவரின் சொந்தக் கணக்கில் கிடக்கும், சண்டை அங்கிருந்துதான் ஆரம்பிக்கும். பதிவான சங்கம் என்றால் ஆண்டுப் பொதுக்கூட்டம் முடிந்து 60 நாட்களுக்குள் ஆண்டறிக்கையைச் சங்கப் பதிவிலாகாவுக்குக் கொடுக்க வேண்டும். முந்தைய வருடங்களுடையது பாக்கி இருக்கிறதா என்று கேட்காமல் எந்தப் பொறுப்பையும் ஏற்காதீர்கள். நீங்கள் கணக்காய்வாளர் என்று தெரிந்த நிமிடமே பொருளாளர் பதவியைத்தான் நீட்டுவார்கள். முதல் வருடம் அதை மட்டும் வாங்க வேண்டாம்.